தோட்டி ஒன்று, நீளமுள்ளது

இசக்கிமுத்துவுக்கு வாய்த்த மூக்கு வேறு யாருக்கும் வாய்க்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி மிளகை முகர்ந்தால் போதும், அது போன வருஷத்துச் சரக்கா, மழையில் நனைந்து பிறகு காயவைத்ததா, மூட்டையின் அடியில் பூசணம் கண்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். மட்டாஞ்சேரி மிளகுக் கம்பெனியின் கீழ்த்தளக் குடோனில் எட்டு வருஷமாக மூட்டை பிரித்துச் சலிக்கிறவனுக்கு இப்படியொரு மூக்கு தேவையில்லைதான். ஆனால் மாடியில் சரக்கைத் தரம் பிரிக்கிற கிரேடர் லக்ஷ்மிநாராயணன் ஓய்வுபெற்றுப் போன நாளிலிருந்து, மூன்று மாதமாகச் சாம்பிள் பொட்டலங்கள் கீழே இறங்கி வந்தன. அவன் முகர்ந்து சொன்ன தீர்ப்போடு திரும்ப மேலே ஏறின. தீர்ப்பு ஏறியதே தவிர அவன் ஏறவில்லை. கிரேடர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவன் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். மலையாளம் சரளமாக எழுதுவான், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பான். இதற்கு மேல் ஒரு நாற்காலிக்கு என்ன வேண்டும்? கம்பெனியில் அவன் கொடுத்திருந்த விலாசம் கொச்சங்காடி மரக்கடைச் சந்து. உண்மையில் அவன் இருந்தது முனிசிபாலிட்டி துப்புரவுத் தொழிலாளர் லயத்தில். அப்பா பிச்சை சாகும்வரை மட்டாஞ்சேரி வீடுகளின் கக்கூஸ் வாளிகளைத் தலையில் சுமந்தவர். அந்த விஷயம் மாடிக்குத் தெரியாது என்று இசக்கிமுத்து நம்பிக்கொண்டிருந்தான். மனிதன் எதையெதையோ நம்புகிறான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மேனேஜர் வெங்கிடராமன் அவனை மாடிக்குக் கூப்பிட்டார். அவர் கும்பகோணத்துக்காரர், கொச்சிக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மலையாளம் பாதி புரியும், மீதியைத் தமிழாக்கிக்கொள்வார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர், எதைச் சொன்னாலும் இதமாகச் சொல்கிறவர்.

"நாளைக்கு ஸ்டாஃப் எல்லாரும் கேம்ப் போறோம்பா. ரெண்டு நாள். காடு, கடல் எல்லாம் இருக்கு. நீயும் வந்துடு."

"நானா சார்? குடோன்லேருந்தா?"

"நீ ஒருத்தன்தான். அவசியம் வரணும். அந்தக் கிரேடர் விஷயமும் அங்க வெச்சுப் பேசிடலாம்."

இசக்கிமுத்து படியிறங்கியது அவனுக்கே தெரியவில்லை. சாயங்காலமே போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினான். அம்மா பேச்சியம்மாள் சட்டையைத் தடவிப் பார்த்தாள், ஆனால் முகம் மலரவில்லை.

"குடோன்ல இருவது பேரு கெடக்கையில உன்னைய மட்டும் எதுக்குல கூப்பிடுதாக?"

"என் மூக்குக்காகம்மா."

"மூக்கு மிளகுக்கு ஆகும். காட்டுல போயி எதை மோந்து பாக்கப் போற?"

இவளுக்கு எப்போதும் சந்தேகம்தான் என்று அவன் எரிச்சல்பட்டான்.

சனிக்கிழமை காலை கம்பெனி வேனில் பத்துப் பேராகக் கிளம்பினார்கள். இடக்கொச்சிக்குத் தெற்கே ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, சாமான்களை வள்ளத்தில் ஏற்றி, காயலைக் கடந்தார்கள். காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. காயல் பக்கம் கண்டல் காடு, கடல் பக்கம் சவுக்கு, நடுவில் முந்திரியும் மாமரங்களும். அந்தப்பன் சேட்டன் என்பவர் அங்கே நாலு ஓலைக் கொட்டகை போட்டு, ஊர்க்காரர்கள் வந்து காட்டில் தங்குவதற்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இயற்கையின் மடி என்று மேனேஜர் வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டே வந்தார்.

இயற்கை தன் மடியில் என்னவெல்லாம் வைத்திருந்தது என்பதை இசக்கிமுத்துவின் மூக்குதான் முதலில் கண்டது. வள்ளம் கரை தொடும் முன்பே தேங்காய் மட்டை ஊறப்போட்ட குழிகளின் அழுகல் வந்து முகத்தில் அறைந்தது. அதைத் தாண்டினால் கண்டல் சேறு, காலை வைத்தால் கூமுட்டை உடைந்தது போல் கீழிருந்து நாற்றம் குமிழி விட்டது. முந்திரி மரங்களுக்கடியில் பழங்கள் விழுந்து நசுங்கிப் புளித்து, சாராயமும் மூத்திரமும் கலந்தாற்போல ஒரு வாடை, அதன் மேல் ஈ. குடிக்க வைத்திருந்த டிரம் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாசம். போன வாரம் வந்த காலேஜ் பையன்கள் தின்று எறிந்த மீன் முள்ளும் கோழி இறகும் கொட்டகை வாசலிலேயே கிடந்தன. டென்ட் போடக் கொண்டுவந்த கம்பெனித் தார்ப்பாயை விரித்தபோது அதிலிருந்து பழைய மிளகு வாசம் வந்தது. அந்தத் திட்டிலேயே மரியாதையான வாசம் அது ஒன்றுதான். அவன் தார்ப்பாய்க்குள் முகத்தைப் புதைத்து இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டான்.

"ஆகா, என்ன காத்து!" என்றார் மேனேஜர்.

எல்லாரும் கடலில் குளிக்கக் கிளம்பினார்கள். மேனேஜர் மட்டும் பின்தங்கி, நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை இசக்கிமுத்துவிடம் நீட்டினார்.

"அந்தப்பன் போன்ல சொன்ன சாமான் லிஸ்ட். எல்லாம் வந்திருக்கான்னு ஒரு தரம் பார்த்துடு. நான் டிக் போட்டிருக்கேன், இருந்தாலும் பார்த்துக்கறது நல்லது."

நம்பி ஒப்படைக்கிறார். நாற்காலி இன்னும் ஒரு படி கிட்டே வந்தது. இசக்கிமுத்து தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்தான். அரிசி இருந்தது. பெட்ரோமாக்ஸ் இருந்தது. மண்வெட்டி, கயிறு, சுண்ணாம்புப் பொடி எல்லாம் இருந்தன. கடைசி வரி: தோட்டி 1, நல்ல நீளமுள்ளது. பக்கத்தில் டிக்.

மலையாளத்திலேயே வளர்ந்தவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தோட்டி என்றால் மாங்காய் பறிக்கிற கொக்கிக் கம்பு. அந்தப்பன் சேட்டன் மாமரத்தை நினைத்துச் சொல்லியிருக்கிறார். வேனில் ஏற்றியதாக ஞாபகமில்லை, வள்ளத்திலும் பார்த்ததாக இல்லை. கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், மணலில் எல்லாம் தேடினான். வள்ளத்துறை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் நின்றான்.

"சார், எல்லாம் இருக்கு. தோட்டி மட்டும் வரலை."

வெங்கிடராமன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ வந்திருக்கியே."

இசக்கிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காதுக்குள் கடல் இரைந்தது. மேனேஜர் அதே இதமான குரலில் பேசிக்கொண்டே போனார்.

"நல்ல நீளமா வேணும்னு சொன்னான். குழி ஆழமா இருக்கும் போலன்னு நினைச்சேன். நம்ம குடோன்ல உன்னைவிட நெட்டை யாரு? அந்த சவுக்குக்குப் பின்னாடி ரெண்டு கக்கூஸ் குழி இருக்கு, போய்ப் பார்த்தேன், கண்றாவியா இருக்கு. லேடீஸ்லாம் வந்திருக்கா. கொஞ்சம் அள்ளிக் கொட்டிச் சுண்ணாம்பு போட்டுடு."

"சார், நான்... அந்த வேலை..."

"பி.எஃப். ஃபாரத்துல பார்த்தேனே. உங்கம்மா முனிசிபாலிட்டி பென்ஷன் வாங்கறாளோன்னோ? தெரிஞ்ச வேலைதானே, என்ன இப்போ? முடிச்சுட்டு வா, சாயங்காலம் கிரேடர் விஷயம் உட்கார்ந்து பேசலாம்."

தோளில் தட்டப் போன கை தட்டாமலே திரும்பியது. அவர் கடலைப் பார்க்க நடந்துவிட்டார்.

அந்த இடத்திலேயே தாளைக் கிழித்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று பிற்பாடு அவன் தன்னைத்தானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டான். அரை மணி நேரம்தான், எல்லாரும் கடலில் இருக்கிறார்கள், யாரும் பார்க்கப் போவதில்லை, திங்கட்கிழமை நாற்காலி. இப்படித்தான் அவன் புத்தி அந்த நேரத்தில் கணக்குப் போட்டது. புதுச் சட்டையைக் கழற்றி ஒரு முந்திரிக் கிளையில் மாட்டினான். மண்ணெண்ணெய் டின்னில் கயிறு கட்டிக்கொண்டு சவுக்குக்குப் பின்னால் போனான்.

முதல் குழியில் பலகையே மிதந்துகொண்டிருந்தது. காயல் நீர் ஏறி உள்ளே புகுந்து, காலேஜ் பையன்கள் விட்டுப்போனதையெல்லாம் மேலே தூக்கி விட்டிருந்தது. வெள்ளையாகப் புழு நெளிந்தது. ஓலைத் தடுப்பில் உட்கார்ந்திருந்த ஈக்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பி அவன் உதட்டில் வந்து மொய்த்தன. டின்னை இறக்கி இழுத்தான். முதல் டின்னிலேயே கயிறு வழியாக ஒழுகி முழங்கை வரை வந்தது. வாயால் மூச்சு விட்டால் நாற்றம் தெரியாது என்பார்கள். அவனுக்கு அது நாக்கில் ருசியாக வந்து உட்கார்ந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான், மூன்றாவது தடவை வெறும் பித்தம். மிளகின் ஈரப்பதத்தைப் பிரித்துச் சொல்கிற அந்த அருமையான மூக்கு இங்கேயும் சும்மா இருக்கவில்லை. இது மீன் தின்றவனுடையது, இது சாராயம் குடித்தவனுடையது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துச் சொன்னது. தன் மூக்கையே அறுத்து அந்தக் குழியில் போட்டுவிடலாம் போல இருந்தது.

எல்லாவற்றையும்விட அவனுக்கு அருவருப்பாக இருந்தது வேறொன்று. யாரும் சொல்லித் தராமலே கைக்கு வேலை தெரிந்திருந்தது. காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், டின்னைச் சாய்த்து இறக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. சின்ன வயசில் ஒரே ஒரு நாள், சோறு கொண்டுபோன இடத்தில், அப்பா செய்வதைப் பார்த்ததுதான். அதற்கப்புறம் பேச்சியம்மாள் அவனை அந்தத் தெருப்பக்கமே விட்டதில்லை. அவ்வளவு பாடுபட்டுப் படிக்கவைத்தவள் முகத்தை நினைத்துக்கொண்டே இருபத்தேழு டின் அள்ளினான்.

சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சுக்குரல் கேட்டது. கடலில் குளித்தவர்கள் ஈரத் தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அந்தப்பன் சேட்டன், கையில் கோர்த்த மீனோடு, அதில் போட மாங்காய் தேடி.

"சாறே, தோட்டி எவிடெ? மீனில் இடான் நாலு மாங்ஙா பறிக்கட்டே."

"அதோ," என்று, தோட்டி எங்கே என்பது மட்டும் புரிந்த மேனேஜர் குழிப் பக்கம் கை காட்டினார்.

அந்தப்பன் பார்த்தார். சேறும் மலமுமாக நின்ற நெட்டை மனிதனைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், திரும்ப மேனேஜரைப் பார்த்தார்.

"எந்தா சாறே இது? அது மூடான் போகுன்ன குழியல்லே! புதிய குழி ஞான் அப்புறத்து குத்தியிட்டுண்டு. தோட்டின்னு ஞான் பறஞ்ஞது மாங்ஙா பறிக்குன்ன தோட்டி." விரலைக் கொக்கியாக வளைத்து அந்தரத்தில் இழுத்துக் காட்டினார். "நல்ல நீளமுள்ளதுன்னும் பறஞ்ஞதல்லே?"

மேனேஜர்தான் முதலில் சிரித்தார்.

"அட, தொரட்டியா! தொரட்டியைத்தான் தோட்டின்னானா இவன்! நல்ல பாஷைடா!"

சிரிப்பு பரவியது. டைப்பிஸ்ட் ஸ்வர்ணலதா ஈரத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். கணக்குப்பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தப்பன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. இசக்கிமுத்து கையிலிருந்து சுண்ணாம்பு உதிர நின்றுகொண்டிருந்தான். மூடப் போகிற குழி. அந்தப் பக்கம் புதுக் குழி தயார். இருபத்தேழு டின்.

அந்தப்பன் ஒரு சிவப்பு சோப்பைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். "போய்க் குளிக்கு மோனே" என்று மெதுவாகச் சொன்னார். இசக்கிமுத்து கடலில் இறங்கி, மணலை அள்ளி அள்ளித் தேய்த்தான். சோப்பு பாதியாகத் தேய்ந்தது. நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை. உண்மையில் போய்விட்டதா, மூக்குதான் போகவில்லை என்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்து சட்டையை எடுத்தான். முந்திரிப் பழச் சாறு சொட்டி, மார்பில் கைப்பிடி அகலத்துக்குக் கறை. அந்தக் கறை வண்ணானிடம் போட்டாலும் போகாது. அதையே மாட்டிக்கொண்டு ஒரு நீளச் சவுக்குக் கழியை வெட்டினான். சமையல் கொட்டகை அரிவாளை நுனியில் வைத்துக் கட்டினான். அவனுக்கு அப்போது ஒரே ஒரு எண்ணம்தான். லிஸ்டில் இருந்த தோட்டியை நானே கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், நடந்தது நடக்காததாகிவிடும். மாமரத்தடிக்குப் போய் ஒரு கொத்தில் கொக்கியை மாட்டினான்.

"வேண்டாம்பா, வேண்டாம்," என்று மேனேஜர் ஓடி வந்தார். "நீ பறிக்காதே. சமையல்ல சேர்க்கறது. அந்தப்பன் பறிக்கட்டும். எனக்கொண்ணுமில்லை, லேடீஸ் சங்கடப்படறா."

இசக்கிமுத்து கழியை மரத்திலேயே விட்டுவிட்டுத் திரும்பினான்.

"அப்ப கிரேடர் விஷயம் சார்?"

மேனேஜர் மணலைப் பார்த்தார். "நானே சொல்லணும்னு இருந்தேன். உன் மூக்கை நான் குறை சொல்லலை. ஆனா சாம்பிளை எடுத்து வாயில போட்டுக் கடிச்சுப் பார்க்கற வேலை. அதே கையால பக்கத்து மேசைக்காராளுக்குக் கொடுக்கணும். இன்னிக்கு எல்லாரும் உன்னை அங்க பார்த்துட்டாளே. நான் ஒத்துண்டாலும் அவா ஒத்துக்க வேண்டாமா? நீ கீழேயே இரு. சாம்பிளை எப்பவும் போல அனுப்பறேன்."

குழிக்குள் இறக்கியவரும் இவர்தான், இறங்கினாயே என்று ஒதுக்குகிறவரும் இவர்தான். இரண்டையும் ஒரே இதமான குரலில், குளித்து வந்து இட்ட சந்தனம் கலையாமல் செய்ய முடிகிறது.

"சார், ஒண்ணு கேக்கேன்," என்றான். "அந்தப்பன் சேட்டன் போன்ல 'நீளமுள்ளது'ன்னுதான சொன்னாரு? நீங்களும் அப்படித்தான எழுதியிருக்கீக. ஆளைக் கேட்டா 'உள்ளவன்'ன்னுல்லா கேப்பாரு. 'உள்ளது'ன்னா சாமான்னு உங்களுக்குத் தோணலையா?"

வெங்கிடராமன் துண்டை உதறித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். மலையாளம் தெரியாததால் வந்த தவறு என்று சொல்லத்தான் நினைத்திருப்பார். ஆனால் உள்ளது தமிழிலும் உள்ளதுதான்.

இசக்கிமுத்து மரத்திலிருந்து கழியை விடுவித்தான். அரிவாளோடு அதைக் கொண்டுவந்து அவர் காலடி மணலில் நீளவாக்கில் போட்டான். சட்டைப்பையிலிருந்த லிஸ்டை எடுத்து அதன் மேல் வைத்து ஒரு கல்லையும் வைத்தான்.

"சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க சார். நீளமுள்ளது. திங்கக்கிழமையிலேருந்து சாம்பிளையும் இதுகிட்டயே மோந்து பாக்கச் சொல்லுங்க."

அந்தப்பன் தானே வள்ளம் வலித்து அவனை அக்கரையில் விட்டார். காசு வாங்கவில்லை. இடக்கொச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரி சும்மாதான் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். தன்னால்தான் எழுந்தாள் என்று இசக்கிமுத்துவுக்குத் தோன்றிவிட்டது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரி வரை வந்தான்.

பொழுது சாயும் நேரத்துக்கு லயம் வந்து சேர்ந்தான். பேச்சியம்மாள் வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளுன்ன? அதுக்குள்ள வந்துட்ட?"

"வந்துட்டேன்."

"எதுக்குல கூப்பிட்டாக?"

"மாங்கா பறிக்க."

பேச்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். சட்டைக் கறையை அவள் பார்க்கவேயில்லை. அவன் கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். இருபத்திரண்டு வருஷம் அந்த வாசத்தோடு குடும்பம் நடத்தியவள் அவள். அவன் மூக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஏலே, இது மாங்கா பறிச்ச கையா?"

"பறிக்க விடலைம்மா," என்றான் இசக்கிமுத்து.

அவள் உள்ளே போனாள். அப்பா வேலை விட்டு வந்ததும் கை கழுவுகிற, அவர் செத்த நாளிலிருந்து பரணில் கவிழ்ந்து கிடந்த பழைய வாளியை எடுத்து, வெந்நீர் ஊற்றி, ஒரு தேங்காய் நாரோடு வாசலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தாள்.